சுவர் நிறையச் சான்றிதழ்கள்

ஒத்தக்கடையில் மச்சான் முகமது யாசீனின் வீட்டுக் கூடத்தில் சுவர் நிறைய ரத்ததானச் சான்றிதழ்கள். பாதுஷா தேதிகளை மட்டும் வாசித்தான். மூன்று மாதத்துக்கு ஒன்று, ஒருமுறைகூடத் தவறவில்லை. முதலாவது 1998 மார்ச். அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் யாசீன் தன் தங்கை சாயிரா பானுவை அவனுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்.

சாயிரா இறந்து ஐம்பது நாளாகிறது. முப்பத்தொரு வயது. கல்லீரலில் புற்று. பிந்தி வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, பரம்பரைக் கோளாறு என்றார் டாக்டர் நேற்று. உடம்பு இரும்பை வெளியே விடாமல் சேர்த்துக்கொண்டே போகும். அது கல்லீரலை அரித்துப் புற்றாகும். கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். ஆறு வயது மகள் ஆயிஷா சித்திகாவுக்கும் பார்த்துவிடச் சொன்னார். முன்னாலேயே தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். பெரிய வைத்தியமில்லை, அவ்வப்போது ரத்தம் எடுத்தால் போதும்.

சாயிரா எப்போதும் சோர்வு என்பாள். ரத்தசோகை என்று நினைத்து, ஏழு வருடம் இரும்புச்சத்து டானிக்கை மூடியில் அளந்து அவனே ஊட்டினான். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன்.

யாசீன் டீயுடன் வந்தார்.

"என்ன மாப்ள, சுவத்தையே பாக்குறீங்க? கொசு குடிக்கிறத மனுசனுக்குக் குடுப்போமேன்னுதான்."

"யாரு சொல்லி ஆரம்பிச்சீங்க மச்சான்?"

"இதுக்கு யாரு சொல்லணும்? குடுக்கலேன்னா முட்டியெல்லாம் குடையுது. குடுத்தா உடம்பு பஞ்சு கணக்கா ஆயிருது."

சாயிராவுக்கும் விரல் முட்டிகள் குடைந்தன. தைலம் வாங்கி அனுப்பியவர் இதே அண்ணன்தான்.

"டாக்டர் யாரும் சொன்னாங்களான்னு கேட்டேன்."

"நல்லாருக்கே! போலீஸ்காரன் மாதிரில்ல கேக்குறீங்க."

யாசீன் சிரித்தார். டீ தம்ளரை அவன் முன்னால் வைத்தார்.

டாக்டர் சொன்னதைப் பாதுஷா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற தாயிடம்கூட. காலையில் போனில் யாசீனிடம் சொன்னது ஒரே சொல்: "வாரேன்."

யாசீன் நாற்காலியில் உட்கார்ந்தார். மெயின் ரோட்டில் மேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆயிஷாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சா?"

பாதுஷா நிமிர்ந்தான்.

"எதுக்கு மச்சான்?"

யாசீனின் பார்வை வாசலுக்குப் போயிற்று. பாதுஷாவும் திரும்பினான்.

தெருவில் செங்கல் துண்டால் பாண்டிக் கட்டம் போட்டு, அவனோடு வந்திருந்த ஆயிஷா ஆடிக்கொண்டிருந்தாள். நாலாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் விரித்துத் தள்ளாடினாள். கோடு, அவள் பெருவிரலுக்கு ஒரு நூல் தள்ளி இருந்தது.