ஈரச் சாமை

தசரதனுக்கு அவசரம் முன்னால் ஓடும், புத்தி ஒரு நாள் கழித்துத்தான் வந்து சேரும். மழை பிடித்துக்கொண்டதும், அரைகுறையாகக் காய்ந்த சாமையை அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டிவிட்டான். பலகை போட்டு மூடி, இண்டு இடுக்கெல்லாம் சாணம் பூசி அடைத்தான். மலைச்சரிவில் கட்டிய சிமெண்டுத் தொட்டி அது. வாய் மேலே, ஆழம் ஓராள் உயரத்துக்கும் அதிகம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பலகையை எடுத்தபோது முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. "பாத்தியா, உள்ளயே காய்ஞ்சிட்டுது" என்று மனைவி கெங்கம்மாளிடம் பெருமையடித்துக்கொண்டான்.

அவன் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுத் தானியத்தில் முதல் படியை வீட்டுப் பெண்தான் அள்ள வேண்டும். அவள் அள்ளி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கெங்கம்மாள் படியோடு ஏணியில் இறங்கினாள். தசரதன் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றான்.

நேரம் போயிற்று. சத்தமே இல்லை. கூப்பிட்டால் சாமிக் குற்றம் ஆகிவிடுமோ என்று கொஞ்ச நேரம் தவித்தான். பாழாய்ப்போன பயம். கடைசியில் எட்டிப் பார்த்தான். சாமையின்மேல் குப்புறக் கிடந்தாள்.

"ஐயோ, கெங்கா!" என்று அலறி ஏணியில் கால் வைத்தான்.

பக்கத்து வீட்டு சரிதா ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கிராம சுகாதார நர்ஸ்.

"எறங்காதீங்கண்ணா! நீங்களும் வுழுந்துடுவீங்க. கடப்பாரைய எடுங்க, கீழ்ச்சொவர ஒடைங்க!"

"இன்னா சொல்ற நீ? மேல பாதி காலியாத்தான கீது? காத்து இருக்குமே?"

"ஈரச் சாமைக்கு உசுரு இருக்குண்ணா. அதுவும் மூச்சு வுடும். உள்ள இருந்த ஆக்சிஜனப் பூரா தின்னுட்டுது. கீழ ஒடைச்சாத்தான் நல்ல காத்து உள்ள போவும், ஒடைங்க!"

உடைத்தான். கை தோலுரிந்து ரத்தம் வந்தது. சுவர் பெயர்ந்து சாமை கொட்ட, துவாரத்தில் நுழைந்து அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. சரிதா வாயில் வாய் வைத்து ஊதினாள். வெகுநேரம் கழித்து நெஞ்சு தானாக ஏறி இறங்கியது.

தசரதன் ஓவென்று அழுதான். "பொழைச்சிட்டா!"

சரிதா சிரிக்கவில்லை. போன் போட்டு அழைத்த ஆம்புலன்ஸ் ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்துகொண்டிருந்தது. அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "காலைல தின்ன களி சர்க்கரையாகி ரத்தத்துல ஓடுதுண்ணா. அத எரிச்சாத்தான் ஒடம்புக்கு சக்தி. எரிக்க ஆக்சிஜன் வேணும். அது இல்லன்னா கையும் காலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மூளை அஞ்சு நிமிசம்கூட தாங்காது. எவ்ளோ நேரம் சும்மா நின்னீங்க?"

தசரதன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவள் அந்த உடம்புக்குள்ளே மிஞ்சியிருக்கிறாளா?

கெங்கம்மாள் கண் திறந்தாள். வானத்தைப் பார்த்தாள், சரிதாவைப் பார்த்தாள்.

"அக்கா, இது யாருன்னு தெரியுதா?" சரிதா தசரதனை முன்னால் தள்ளினாள்.

கெங்கம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள். மெல்ல எழுந்து உட்கார்ந்து, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க, உக்காருங்க," என்றாள் மரியாதையாக. "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"