ஆளுக்கொரு பிரவுசர்

வலது தோள்பட்டை சனிக்கிழமை மதியத்திலிருந்தே பச்சையப்பனைக் குத்திக்கொண்டிருந்தது. மாட்டுத் தீவன மூட்டையை முதுகில் வாங்கும்போது வலி தெரியாது. இறக்கிவிட்டு நிமிரும்போதுதான் கழுத்தடியில் யாரோ கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் படுத்தால் அடங்கும் என்று நினைத்திருந்தான். படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனான். உள்ளே வந்தான். போனை எடுத்தான். வைத்தான்.

வலி ஒரு பங்கு, போன் மூன்று பங்கு. அவன் லோடு தூக்கும் கரிக்கலாம்பாக்கம் கிடங்கு கைமாறிவிட்டது. புது முதலாளி நோட்டில் பேர் எழுதுகிற வழக்கத்தை நிறுத்திவிட்டான். திங்கட்கிழமையிலிருந்து ஆளாளுக்கு அவனவன் போனில் ஒரு ஆப் இருக்க வேண்டும். காலையில் அதில் முகத்தைக் காட்டினால்தான் அன்றைக்கு வேலை. மேஸ்திரி நமச்சிவாயம் லிங்க்கை அனுப்பிவிட்டு, ஆப் இல்லாதவன் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கலாம் என்று குரல் பதிவும் போட்டிருந்தார். பச்சையப்பன் அழுத்தி அழுத்திப் பார்த்தான். இடம் இல்லை, எதையாவது நீக்கு என்றே போன் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் இடத்துக்கு வர ஆள் இருந்தது. நாற்பத்தாறு வயதில் தோள்பட்டை வலிக்காரனைப் புதிதாக எவன் சேர்ப்பான்?

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரே அறை வீடு அவனுடையது. அவன், பெண்டாட்டி செல்வகுமாரி, பன்னிரண்டாவது படிக்கிற மகள் தீபிகா. மூன்று பேருக்கும் பெரிய போன் ஒன்றுதான். ஆனால் அந்தப் போனுக்குள் ஆளுக்கொரு பிரவுசர் இருந்தது. தீபிகா செய்த ஏற்பாடு அது. ஒருமுறை அப்பன் மூலத்துக்கு மருந்து தேடிப் பார்த்திருக்கிறான். மறுநாள் பள்ளிக்கூடத் தோழிகளுக்கு எதையோ காட்ட அவள் போனைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் மூலம், பவுத்திரம். அன்றைக்கு வந்து அழுதவள், போனோடு வந்த குரோமை அப்பனுக்கு விட்டாள். சிங்கத் தலை போட்ட பிரேவைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். நெருப்பு வால் நரிப் படம் போட்டது அம்மாவுக்கு. ஒருத்தர் பிரவுசரை இன்னொருத்தர் திறக்கக் கூடாது என்பது பேச்சு. தடுப்புச் சுவரே இல்லாத அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தனித்தனி அறை என்று இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது அதில் ஒரு அறையை இடித்தாக வேண்டும். எதை என்று தெரியாமல் டீக்கடைக்குப் போனான். கூட லோடு தூக்குகிற அன்புராஜும் விஜயராஜும் அங்கே இருந்தார்கள். கேட்டதுதான் தாமதம், எலெக்‌ஷன் நேரத்துச் சண்டை மாதிரி பிடித்துக்கொண்டது. எதைத் தூக்குவது என்று இவன் கேட்க, எது உசத்தி என்று அவர்கள் பேசினார்கள். அன்புராஜ் பிரேவுக்குக் கட்சி. குறுக்கே விளம்பரம் வராது, கேரளா லாட்டரி முடிவைத் திறந்தால் நம்பர் மட்டும் சுத்தமாகத் தெரியும் என்றான்.

"நம்பரு தெரிஞ்சி இன்னா பண்ணப் போற மாமா? ஒனக்குத்தான் ஒரு நாளும் வுழுந்ததில்லியே" என்றான் விஜயராஜ். அவன் ஓபரா மினி ஆள். மாசக் கடைசியில் நெட் தீர்கிற சமயத்தில் அதுதான் கொஞ்சத்தில் ஓடும் என்பது அவன் வாதம். டீ மாஸ்டர் ரெண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. போனோடு வந்த குரோமே போதும், கட்டிக்கொண்டு வந்தவளே போதும் என்று இருக்கிறவன் தான், என்றார். சொன்னவரின் கதை ஊருக்கே தெரியும் என்பதால் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கடைசியில் அன்புராஜ் பச்சையப்பன் கையிலிருந்த போனை வாங்கித் தள்ளிப் பார்த்தான். "மூணு வச்சிக்கினு கீறியே, நீ இன்னா ஜமீனா? எது ரொம்ப இடத்த அடைக்குதோ அத்தத் தூக்குடா."

எது அடைக்கிறது என்று பார்க்கும் வித்தையை விஜயராஜ் காட்டிக் கொடுத்தான். நரிதான் அதிகம் வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்தான். தீபிகா ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தாள். செல்வகுமாரி தவளக்குப்பத்து மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். நடவும் களையும் இல்லாத மாதங்களில் அவளுக்கு அதுதான் வேலை. யாரையும் கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை. முதலில் தன்னுடையதை நீக்கத்தான் பார்த்ததாகப் பிறகு சொன்னான், அது உண்மைதான். விரலை அழுத்திப் பிடித்தால் மற்றதற்கெல்லாம் வருகிற 'நீக்கு' அதற்கு மட்டும் வரவில்லை. மகளுடையதில் மாதிரி வினாத்தாள் இருக்கிறது, தொட்டால் கொன்றுவிடுவாள். மீதி நரி.

திறந்தான். உள்ளே பக்கத்துக்கு மேல் பக்கமாக மூடாமல் கிடந்தன. விளக்கை அணைக்காமல் வெளியே போகிறவள்தானே இவள், என்று நினைத்தான். எல்லாமே கோவில். கோபுரம், பந்தல், வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்த ஜனம், வாளி தூக்கிய ஆட்கள். இவளுக்கு எப்போதிருந்து இத்தனை பக்தி? இத்தனையும் திறந்து கிடந்தால் இடம் எப்படி இருக்கும் என்று, எச்சில் இலை எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினான். பிறகு நரியையே நீக்கினான். நீக்கவா என்று அது ஒருமுறை கேட்டது. ஆமாம் என்றான். ஆப் இறங்கியது. முகத்தைக் காட்டினான், ஏற்றுக்கொண்டது. அப்போதுதான் தோளிலிருந்து கொக்கியைக் கழற்றின மாதிரி இருந்தது. அரை மணி நேரம் தூங்கக்கூடச் செய்தான்.

செல்வகுமாரி மூன்று மணிக்கு மேல் வந்தாள். கஞ்சியைக் குடித்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறிப்போன விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தாள். தள்ளினாள். திரும்பவும் தள்ளினாள்.

"நரி எங்கய்யா?"

அவன் சொன்னான். ஆப், திங்கட்கிழமை, மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அத்தனை பக்கத்தையும் மூடாமல் வைத்திருந்தாயே, நான்தான் மூடினேன் என்று அதையும் சேர்த்துக்கொண்டான்.

அவள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். "அதுல ராமு இருந்தான்" என்றாள்.

ராமு அவளுடைய தம்பி. இதே கிடங்கில் பச்சையப்பன்தான் சேர்த்துவிட்டான். மூட்டையைக் கழுத்தில் எப்படி வாங்குவது, எந்தக் காலை முதலில் வைப்பது என்று காட்டிக் கொடுத்தவனும் அவன்தான். ராமு ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டுச் சுற்றுலா விசாவில் மலேசியா போனான். ஒரு வருஷம் போன் பேசினான். கிள்ளான் பக்கம் இருக்கிறேன் என்றான். அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. செல்வகுமாரி தினமும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பச்சையப்பனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சகிக்கவில்லை என்று சொல்லத் தெரியாமல், போனவன் போனவன்தான், இனிமேல் இந்த வீட்டில் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டான். அவள் எடுக்கவில்லை. போனுக்குள் போய்த் தேடினாள்.

எட்டாவது வரைக்கும் படித்தவள். கிள்ளான் என்று தமிழில் அடித்ததும் வந்தவை கோவில்கள். பசித்தவன் சோறு போடுகிற இடத்துக்கு ஒரு நாளாவது வருவான் என்று ஒரு கோவிலிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து அவர்களுடைய திருவிழாப் படங்களுக்கு, பாத்திரம் கழுவின களைப்போடு பல மாதம் நடந்திருக்கிறாள். போன வாரம் அகப்பட்டுவிட்டான். அன்னதானப் படம் ஒன்றில் ஓரமாகச் சாம்பார் வாளியோடு நிற்கிறான். முகம் பக்கவாட்டில்தான் தெரிந்தது. ஆனால் வாளியைத் தூக்கியிருந்தவன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நின்றான். மூட்டை தூக்கியவன் மட்டுமே அப்படி நிற்பான். படத்துக்குக் கீழே கோவில் நம்பர் இருந்தது. தீபிகாவுக்குப் பரீட்சை முடியட்டும், அவளை விட்டுப் பேசச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். படத்தைத் தனியாக எடுத்து வைக்க அவளுக்குத் தெரியும். வைத்தால் புருஷன் கண்ணில் படும் என்றுதான் பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டிருந்தாள்.

இதையெல்லாம் அவள் சத்தமில்லாமல் சொன்னாள். அழவில்லை. கடைசியில் மட்டும், "ஒன்னுது போனோட பொறந்திச்சி, அத்த எவனும் தொட முடியாது. அழிக்கறதுக்கு என்னுது ஒண்ணுதான் கெடச்சிதா?" என்று கேட்டாள்.

தீபிகா வந்ததும் தேடினாள். கிள்ளான், முருகன், மாரியம்மன், அன்னதானம் என்று எப்படி எப்படியோ போட்டாள். வந்த படங்களுக்குக் கணக்கில்லை. எந்தக் கோவில், பேர் என்ன என்று கேட்டதற்கு, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனேன், பேரையா பார்த்தேன் என்றாள் செல்வகுமாரி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தன்னுடைய சிங்கத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன் என்று மகள் அப்பனைப் பார்க்காமலே சொன்னாள்.

திங்கட்கிழமை கிடங்கு வாசலில் போன் அவன் முகத்தை ஏற்றுக்கொண்டது. வேலை நிலைத்தது. ஆனால் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் அவன் கை போனுக்கே போனது. சாயங்காலம் தவளக்குப்பத்து செல்போன் கடையில் போய் நின்றான். கவுண்டரில் இருந்த அர்ச்சனா என்கிற பெண் பொறுமையாகக் கேட்டாள்: அக்கா அந்த பிரவுசரில் மெயில் போட்டு உள்ளே போயிருந்தார்களா? அப்படியென்றால் எல்லாம் அந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கும், எடுத்துவிடலாம். அவளுக்கு ஏது மெயில் என்றான். அப்படியென்றால் போனது போனதுதான் அண்ணா என்றாள். போனவன் போனவன்தான் என்று தான் போட்ட சத்தம் அவனுக்கே திரும்பக் கேட்டது. ஆத்திரம் அந்தப் பெண் மேல் வந்தது. அவள் என்ன செய்வாள்?

அன்றே தன்னுடைய வீடியோக்கள், பாட்டு, டீக்கடைக் குரூப்பில் வந்த குப்பை எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு நரியைத் திரும்ப ஏற்றினான். அது புதுசாகச் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி வெறுமையாக இருந்தது. செல்வகுமாரி வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். நீயே வச்சிக்கோ என்றாள்.

அவனே வைத்துக்கொண்டான். சாப்பாட்டு வேளையில் மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து மலேசியாக் கோவில்களைத் திறந்து பார்த்தான். வலது கையில் போனைப் பிடித்தால் தோள் குத்தியது, இடது கைக்கு மாற்றினான். நரியில் சில நாள், தன்னுடையதில் சில நாள், மகளைக் கேட்டு அவளுடையதிலும் தேடினான். விளம்பரம் வராதது, நரி போட்டது, போனோடு வந்தது, எதில் போட்டாலும் அதே கோபுரங்கள்தான் வந்தன. திறந்த எந்தப் பக்கத்தையும் அவன் இப்போது மூடுவதில்லை. பச்சையப்பன் காவி கட்டப்போகிறான் என்று விஜயராஜ் கிடங்கு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லாத்தையும் பாத்துட்டியே மாமா, எது பெஸ்ட்டுன்னு சொல்லு" என்றான்.

"அழிக்கறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேக்கறது எதுனா இருந்தா அதான்."

"எல்லாமே கேக்குமே."

பச்சையப்பனிடம் நரியும் கேட்டது. அவன்தான் ஆமாம் என்றான்.

தினமும் சாயங்காலம் கண்டெடுத்ததை அவளிடம் காட்டினான். அவள் ஈரக் கையோடு குனிந்து பார்ப்பாள். "இல்ல" என்பாள். அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவனைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

பரீட்சை எல்லாம் முடிந்து வெயில் ஏறின ஒரு நாள், அன்றைக்குத் தள்ளி மூடினது மாதிரியே பச்சைத் துணிப் பந்தலும் வாளிக்காரர்களும் இருக்கிற படம் ஒன்று அகப்பட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவளிடம் நீட்டினான். அவள் போனைக் கையில் வாங்கினாள். விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். ஓரத்தில் நின்றவனை வெகுநேரம் பார்த்தாள்.

"இவன் யாரோ" என்றாள். போனை உடனே திருப்பித் தரவில்லை. "எனக்கே மறந்துகினு வருதுய்யா. மொகம் எளச்சிருந்திச்சா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணிச்சா? நீதான கடசியா பாத்தவன். சொல்லு, எப்படி இருந்தான்?"

பச்சையப்பன் நினைத்துப் பார்த்தான். கோபுரம் வந்தது, பந்தல் வந்தது, வாளி வந்தது. வாளியைத் தூக்கின ஆள் வரவில்லை. அவன் பார்க்கவில்லை, தள்ளித்தான் விட்டான். எளைக்கல, நல்லாத்தான் இருந்தான் என்று ஒரு பொய் நாக்குவரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

போனை வாங்கிக்கொண்டு அடுத்த கோவிலைத் திறந்தான். ராமு நின்ற அந்த ஒரு பக்கமும் அதன் கீழே இருந்த நம்பரும் செல்வகுமாரிக்கு அவன் திருப்பித் தரவேண்டிய கடன். இன்றைய தேதிவரை அவன் தரவில்லை.