பஞ்சுவின் ஏழு கூழாங்கற்கள்

காற்றுக்கும் பசி உண்டு என்று மூன்றரை வயதுப் பஞ்சு நம்பினாள். "ஊதினாப் பறந்துடுவா" என்று தாய்மாமன் கேலியாக இட்ட பெயர் அது. அவர் சொல்லிவிட்டு மறந்தார். அவளோ அதைத் தூக்கத்திலும் சுமந்தாள். கனவில் கூரைகளுக்கு மேலே மிதப்பாள். கீழே அம்மா எறும்பளவு தெரிவாள். நீட்டிய கை எட்டாது.

அன்று நூலகத்து மாடியறையில் பள்ளிப் பருவம் எட்டாத பிள்ளைகளுக்கு எடை பார்த்தார்கள். எடை குறைந்த பிள்ளைக்கு மாதந்தோறும் சத்துணவுப் பொட்டலம் உண்டு. திறந்த சன்னலில் வெள்ளைத் திரை மூச்சு வாங்குவதுபோல் உப்பித் தணிந்தது. பஞ்சு அதையே பார்த்திருந்தாள்.

"ஸ்வெட்டரக் கழட்டும்மா" என்றார் செவிலியர்.

"மாட்டேன்."

"புடிச்ச புடி விடமாட்டா சிஸ்டர். சோத்துத் தட்டப் பாத்தாதான் ஓட்டம் புடிப்பா" என்றாள் அம்மா.

வரிசை நீண்டிருந்தது. செவிலியர் அப்படியே தராசில் ஏற்றினார். முள், எல்லைக் கோட்டைச் சற்றே தாண்டி நின்றது.

"பொட்டலம் தேவைப்படாது. நல்லாத்தான் இருக்கா."

"தூக்கினாக் காகிதமாட்டம் இருக்காளே."

"தராசுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, புயத்தில் அளவு நாடாவைச் சுற்றினார். பச்சையில் நிற்க வேண்டிய நாடா, மெலிவைக் காட்டும் மஞ்சளில் நின்றது. செவிலியரின் பேனா பாதியில் நின்றது. மீண்டும் ஏற்றத் தூக்கியபோது பஞ்சுவின் ஸ்வெட்டர்ப் பையிலிருந்து மெல்லிய கலகலப்பு எழுந்தது.

மேசைமேல் ஏழு கூழாங்கற்கள் வரிசையாயின.

"இதெல்லாம் எதுக்குடி?"

"காத்து தூக்கிட்டுப் போயிடும்ல."

"வரட்டும் உங்க மாமா" என்றாள் அம்மா.

செவிலியர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். திரை அடங்கியது. பஞ்சு தானாகவே ஸ்வெட்டரைக் கழற்றினாள். இம்முறை முள் கோட்டுக்குக் கீழே நின்றது. பட்டியலில் அவள் பெயர் ஏறியது; பொட்டலம் அம்மாவின் கைக்கு வந்தது.

"கல்லெல்லாம் நீயே வெச்சுக்கோ. அடுத்த மாசம் வா. எடை கூடியிருந்தா ஒரு கல்ல எங்கிட்ட குடுத்துடு."

"அப்புறம் என்னை யாரு புடிச்சுப்பா?"

"நீ சாப்பிட்டது புடிச்சுக்கும்."

தெருமுனையில் காற்று காத்திருந்தது. பஞ்சு ஒரு கையால் கல் இருந்த பையையும் மறு கையால் அம்மாவையும் இறுகப் பற்றினாள்.

"அம்மா, இந்தப் பொட்டலம் கல்ல விடக் கனமா?"

"கையில இருந்தா இல்ல. வயித்துக்குள்ள போனாத்தான்."

பஞ்சு நடையை நிறுத்தினாள்.

"அப்பப் பிரி."