பெயர் பதியாத முகவரி

இரவு ஷிப்டு முடிந்து செடெனாக்கிலிருந்து தூங்காமல் நேராக ரெங்கம் ஊருக்கு வந்தேன். காளிதாஸின் செடிப் பண்ணையில் மெயில் செர்வரைப் பார்த்துக்கொள்வது என் பகல் வேலை. டிப்ளோமாவைப் பாதியில் விட்டவனுக்கு இரண்டு அரை வேலைகள்தான் கிடைக்கும்.

காளிதாஸ் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"டேய் லோகேஸ், சிங்கப்பூருக்கு மெயில் போகலடா! லாரி எல்லைப் பக்கம் வெயில்ல நிக்குது."

லாரி நிறையப் பெரணிச் செடிகள். செடிக்கு நோயில்லை என்ற சான்றிதழ் எங்கள் கம்பெனி மெயிலிலிருந்து போனால்தான் சிங்கப்பூரில் வாங்குபவர் அனுமதி எண் தருவார். எண் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

உள்ளே கிளார்க் தேன்மொழி திரையைக் காட்டினாள். "எத்தன தடவ அனுப்பினாலும் திருப்பித் துப்பிருது."

திரும்பி வந்த செய்தியைப் படித்தேன். நேற்று இன்டர்நெட் லைன்காரர்கள் ரவுட்டரை மாற்றியிருக்கிறார்கள். ஐபி நான்கு என்ற பழைய வகை இணைய முகவரியோடு, ஐபி ஆறு என்ற புதிய வகையும் வந்துவிட்டது. எங்கள் செர்வர் இரண்டையும் கண்டதும் புதிய வழியில் கிளம்பியிருக்கிறது. அந்தப் புதிய முகவரிக்கு யாரும் பெயர் பதியவில்லை. பெயரில்லாததை சிங்கப்பூர் செர்வர் உள்ளே விடாது.

"பேர் இல்லாட்டி என்ன?" என்றாள் தேன்மொழி.

"பேரு சொல்லாதவன் கதவத் தட்டினா நீ தொறப்பியா?"

"ஆளப் பொறுத்து லா."

லாரி ஓட்டும் அய்யாவு போன் செய்தார். "தம்பி, எல சுருளுது. தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கேன். போலீஸ்காரன் வேற நகரச் சொல்றான்."

பெயர் பதிய லைன் கம்பெனியை அழைத்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு, நாளைக்குத்தான் ஆகும் என்றார்கள்.

"அப்ப அந்தப் புதுச அடைச்சுத் தொலடா" என்றார் காளிதாஸ்.

ஐபி நான்கில் மட்டும் அனுப்பு என்று செட்டிங்கில் ஒரு வரியை மாற்றி, செர்வரை ரீலோடு செய்தேன். தேன்மொழி அனுப்பினாள். மறுபடியும் துப்பியது.

"அலமாக்! வேல தெரிஞ்சுதான் செய்றியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் காளிதாஸ்.

அந்த வரிக்கு ரீலோடு போதாது. செர்வரை முழுதாக நிறுத்திக் கிளப்ப வேண்டும். எனக்குத் தெரிந்ததுதான். தூங்காத மண்டைக்கு உறைக்கவில்லை. நிறுத்தினேன், கிளப்பினேன். இந்த முறை சிங்கப்பூர் வாங்கிக்கொண்டது.

பதிலுக்குக் காத்திருந்தோம். காளிதாஸ் நடை நிற்கவில்லை. என்னாலும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எண் வந்ததும் தேன்மொழி அதைப் போனில் அய்யாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"மேல் தட்டு செடி செத்துப்போச்சு" என்றார் அய்யாவு. "கீழ இருக்கறது தேறும். போகவா, திரும்பவா?"

காளிதாஸ் நின்று, போனை வாங்கினார்.

"இருக்கறதக் கொண்டு போங்கண்ணே."