கொப்பளிக்கச் சொன்னது

எங்கள் வீட்டுப் பெண்கள் தொழுகையில் குறை வைத்ததாக வெள்ளவத்தையில் யாரும் சொன்னதில்லை. இனிமேலும் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் அன்று மாலை மக்ரிபுத் தொழுகை நேரம் அப்படிப் பேசினேன்.

காலையில் என் மருமகள் நஸ்லாவுக்குக் கடைவாய்ப் பல்லை வெட்டி எடுத்திருந்தார்கள்; மற்றப் பக்கத்துப் பல்லையும் பிறகு எடுக்க வேண்டியிருந்தது. மகன் கட்டாரில் இருப்பதால் கிளினிக்குக்கு மாமனாரான நான்தான் கூட்டிப்போனேன். நாளை வரைக்கும் வாய் கொப்பளிக்கவோ துப்பவோ வேண்டாம், குழியில் உறையும் இரத்தம் கழன்றுவிடும் என்று டொக்டர் மிதுனா எங்கள் இருவருக்கும் விளக்கினார். நானும் தலையாட்டினேன்.

மாலையில் என் தங்கை லுத்பியா வந்திருந்தாள். நஸ்லா தொழுகைக்கு முன் வாயில் தண்ணீர் எடுக்காமல் கை முகம் கழுவி வுழூ செய்வதைக் கண்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே லேசாகிவிட்டது என்றாள். கொப்பளிப்பது கட்டாயமில்லாத சுன்னத்துத்தான், விட்டாலும் வுழூ நிறைவேறும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் எனக்கு அது தெரியாததல்ல.

இருந்தும், "எங்கட வீட்டுல அரைகுறை வுழூ இல்ல மகள்," என்றேன்.

நஸ்லா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நன்றாகக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் சிவந்து ஓடியது. லுத்பியா திருப்தியாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

இரண்டு நாளில் வலி காதுவரை ஏறியது. கஞ்சிகூட இறங்கவில்லை. மீண்டும் கிளினிக்குக்குப் போனோம்.

மிதுனா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "குழி வெறுமையாக் கிடக்கு, எலும்பு தெரியுது. கொப்பளிச்சனீங்களா?"

"ஓம் டொக்டர்."

"வீட்டில சொல்ல ஒருத்தரும் இல்லையா?"

"மாமா சொன்னார்தான். நான்தான் கேக்கல்ல."

கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருப்போர் வாங்கில் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்து ஹமீட் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்வழி கேக்காத ஆளுக்கு மற்றப் பக்கத்துப் பல்லில நான் என்னெண்டு கை வைக்கிறது?" என்றார் மிதுனா. நஸ்லா கன்னத்தைப் பொத்தியபடி அதையும் வாங்கிக்கொண்டாள்.

"அவ பொய் சொல்றா டொக்டர்," என்றேன். "கொப்பளிக்கச் சொன்னது நான்."

மிதுனா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குழிக்குள் மருந்து வைத்துவிட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் மறுபடி, இம்முறை என் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன்.

வெளியே ஹமீட் எழுந்து ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

த்ரீவீலில் ஏறியதும் நஸ்லா மெதுவாகச் சொன்னாள்: "ஹமீட் நானாக்கு கேட்டீக்கும் மாமா."

"கேக்கட்டும். நீங்க கதைக்காதீங்க மகள், வாய் நோகும்."