விட்டுவைத்த சிப்பாய்

தையல்காரருக்குச் செஸ் ஆடுவதைவிட ஆட்டம் கட்டுவதில்தான் பைத்தியம். ஏழெட்டுக் காய்களை மட்டும் பலகையில் நிறுத்தி, 'வெள்ளை ஆடி வெல்ல வேண்டும், வழி ஒன்றே ஒன்று' என்று புதிர் செய்து செஸ் பத்திரிகைக்கு அனுப்புவார். மூன்று புதிர்கள் போன வேகத்தில் திரும்பிவிட்டன. மூன்றிலும் ஆசிரியர் எழுதியிருந்தது ஒரே வரி: 'கறுப்பு ஸ்டேல்மேட் ஆக்கிவிடும்.' அதாவது, கறுப்பு ராஜாவுக்குச் செக் இருக்காது, ஆனால் நகர்த்த ஒரு காயும் இருக்காது. கைக்கு வந்த வெற்றி டிராவாகிப் போகும். நான்காவதும் திரும்பினால் பலகையைப் பரணில் ஏற்றிவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டார். வாய் சும்மா இருந்தால்தானே.

நான்காவதற்கு எட்டு மாதம் பிடித்தது. பத்திரிகையின் புதிர்ப் போட்டிக்கு அன்றே கடைசி நாள், மாலை ஐந்து மணித் தபாலில் போயாக வேண்டும். உறையை ஒட்டப் போகும்போது மனைவி, "என் தம்பிகிட்ட ஒருவாட்டி காட்டிடுங்களேன்" என்றாள்.

தம்பி பஸ் டிரைவர். ஒரு நாளும் ஜெயித்ததில்லை. ஆனால் தோற்கப்போவது தெரிந்தால் மிச்சமிருக்கும் காய்களை வாரிக் கொடுத்துவிட்டு, "நகர எடமில்ல, டிரா" என்று கையை விரிப்பதில் மன்னன். அன்று பேண்ட் இடுப்பைத் தளர்த்தக் கடைக்கு வந்து, துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டுத் தையல்காரர் தன் வழியை ஆடிக் காட்டினார். இரண்டாவது நகர்த்தலில், கேட்பாரற்று நின்ற கறுப்புச் சிப்பாயை வெட்டினார். ஆறாவதில் மைத்துனன் தன் யானையைக் கொண்டுபோய் வெள்ளை ராஜாவின் மூக்கடியில் வைத்தான்.

"செக். எடுத்துக்குங்க அத்தான்."

எடுத்தால் ஸ்டேல்மேட். எடுக்காவிட்டால் யானை விடாமல் செக் கொடுத்துக்கொண்டே துரத்தும். எட்டு மாத உழைப்பு பாழ். மணி மூன்றரை.

தையல்காரர் பேண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு விரற்கடைத் துணி மடித்திருந்தது. தைக்கும்போது அவரே விட்டுவைத்தது.

"நல்லவேளை, துணி இருக்கு" என்றாள் மனைவி. "அன்னிக்கே வெட்டிப் போட்டிருந்தா இவன் துண்டோடதான் பஸ் ஓட்டணும்."

தையல்காரரின் கை நின்றது. எழுந்துபோய்க் காய்களைப் பழையபடி அடுக்கினார். இந்த முறை அந்தச் சிப்பாயைத் தொடவில்லை. மறுபடியும் யானை வந்தது, எடுத்தார். கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. ஆனால் சிப்பாய்க்கு முன்னால் ஒரு கட்டம் இருந்தது, நகர்த்தாமல் தப்ப முடியாது. மைத்துனன் முனகிக்கொண்டே நகர்த்தினான். அடுத்தது மேட்.

"அப்ப என் டிரா?" மைத்துனனின் முகம் தொங்கிப்போனது.

"அதுதான் மாப்பிள்ளை புதிரோட உயிரே. சும்மா கெடைக்குதேன்னு சிப்பாய எடுக்கறவன் எல்லாம் உன்கிட்ட மாட்டுவான்."

விடையைத் திருத்தி எழுதினார். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஐந்து மணித் தபாலைப் பிடிக்க ஓடியவருக்குப் பேண்ட் ஞாபகமே இல்லை. மைத்துனன் ஆறு மணி வரை துண்டோடு காத்திருந்தான்.

இரண்டு மாதம் கழித்துப் புதிர் அச்சில் வந்தது. கட்டியவர்கள் என்று தையல்காரர் தன் பெயரோடு மைத்துனன் பெயரையும் எழுதியிருந்தார், இரண்டும் அப்படியே வந்திருந்தன. டிரைவர் அந்தப் பக்கத்தை பஸ்ஸில் ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறான். 'சிப்பாயை வெட்டினால் டிரா' என்ற வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறான்.