கோட்டில் விழுந்த பள்ளம்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்று சொல்ல எவனுடைய கம்ப்யூட்டரும் எனக்குத் தேவையில்லை. போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருபத்தாறு வருசமாக விறகு போடுகிறவன் நான்.

போன மாசம் முதலாளி விஜயகுமார் சூடு அளக்கிற கருவி ஒன்றைப் பொருத்தினார். என்மேல் நம்பிக்கை இல்லாமல் அடுப்புக்கு எதிரே ஒரு கேமராவும் வைத்தார். எனக்கும் அவர்மேல் நம்பிக்கை கிடையாது, அது வேறு விசயம்.

நேற்றுக் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். திரையில் சூட்டைக் காட்டும் கோடு. நடுநடுவே அடிமட்டத்துக்குப் பள்ளம்.

"இங்கெல்லாம் சூடே இல்லண்ணே. அடுப்ப அணையவிட்டுத் தூங்கிருக்கீங்க. நாளையில இருந்து வேற ஆளு பாக்கட்டும்."

காய் பொறுக்கிக்கொண்டிருந்த மகாராணி சிரித்தாள். "உக்கிரபாண்டியண்ணே, கனவுல விறகு போட்டிருப்பீக!"

"ஒன் சோலியப் பாரு ஆத்தா," என்றேன். முதலாளியிடம் திரும்பினேன். "காயப் பாருங்க. அடுப்பு அணைஞ்சிருந்தா வெளுத்திருக்குமே, பச்சை மாறிருக்கா?"

"மிஷினு பொய் சொல்லுமாண்ணே?"

மனுசன் செய்ததுதானே, ஏன் சொல்லாது? வயரைப் பார்த்தேன். கேமரா வயர், கருவி வயர் ரெண்டும் ஒரு சின்னப் பெட்டியில் சொருகியிருந்தன. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரே யு.எஸ்.பி. வயர்.

"கேமரா எந்நேரமும் ஓடுமா?"

"ஆளு அசைஞ்சா மட்டும் ஓடும்."

பிடிபட்டுவிட்டது. தோட்டத்தில் மேலே பெரிய ஸ்பிரிங்ளரைத் திறந்தால் கீழே என் ஓஸ் பைப்பில் தண்ணீர் சொட்டாது. பைப் ஒன்றுதானே.

"கேமரா வயர மட்டும் புடுங்குங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடுங்கினார். நான் போய் விறகு போட்டுவிட்டு வந்தேன். கோடு நேராக ஓடியது.

"இப்பச் சொருகுங்க."

மறுபடி போனேன். அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறது, மகாராணி கத்துகிறாள்: "ஏ, பள்ளம் விழுந்திருச்சு!"

விஜயகுமார் தலையைச் சொறிந்தார். "ஒரு வயருல இவ்வளவுதான் போகும்ணே. படத்தோட லோடு பெருசு, மொத்தத்தையும் அடைச்சுக்கிருச்சு. சூட்டு நம்பர் போக எடமில்ல."

"அப்ப நான் விறகு போடுற நேரமாப் பாத்து அடுப்பு அணைஞ்சதாக் காட்டிருக்கு. நல்ல காவல்!"

அவர் கருவி வயரைக் கழற்றிக் கம்ப்யூட்டரின் வேறு ஓட்டையில் தனியாகச் சொருகினார். படத்தின் அளவையும் குறைத்தார்.

"தப்பு என்னோடதுதாண்ணே. அடுப்பு உங்களுக்குத்தான். கேமராவ வேணாக் கழட்டிரவா?"

"இருக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

இருக்கிறதிலேயே பெரிய கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, கேமராவுக்கு நேராக, வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

"கோடு அசையலண்ணே!" என்று மகாராணி கூவினாள்.